ஒரு நாளைக்கு ஒன்று

அக்கா முதலில் விழுந்தது பீலியடியில், முகம் கழுவும்போது.

இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து வாசலில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் பீலித் தண்ணீர் பிடிக்கக் குடத்தோடு நின்றார்கள். அக்கா முகமெல்லாம் சவர்க்காரம் பூசி, கண்ணை மூடி, தண்ணீரைத் தேடிக் கையை நீட்டினாள். அப்படியே இடப்பக்கமாகச் சாய்ந்து, சீமெந்துக் கட்டில் தோள் மோத விழுந்தாள். வழுக்கவில்லை, மயங்கவும் இல்லை. தூக்கி உட்காரவைத்தபோது "பாசி" என்றாள். அந்த இடத்தில் பாசி இல்லை. முந்தின நாள் தும்பு போட்டுத் தேய்த்தவளே அவள்தான்.

பக்கத்து வீட்டு வீரையா மாமா என்னைப் பார்த்துச் சொன்னார்: "டொக்டர் வீட்டுக்காரவுங்களே விழுந்தா நாங்க எங்க போறது?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

டொக்டர் என்பது லயத்தில் எனக்கு வைத்த பெயர். நான் டொக்டர் இல்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் படிக்கப் போய் இரண்டாம் வருடத்தில் விட்டுவிட்டு வந்தவன். பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. சில நாட்கள் வகுப்புக்குப் போகவில்லை, பிறகு போக வெட்கமாக இருந்தது, பிறகு போகவே இல்லை. என்னைப் படிக்க அனுப்பியவள் சுகிர்தா அக்கா. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு தேயிலைத் தோட்டத்தில் பேர் பதிந்து, இந்த ஹந்தானை மலையில் கொழுந்து எடுத்து என்னை ஏ.எல். பரீட்சை வரைக்கும் கொண்டுபோனாள். நான் பெட்டியோடு திரும்பி வந்த அன்று ஏன் என்று கேட்கவில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, "இனி என்ன செய்யப் போற?" என்று மட்டும் கேட்டாள். அவளுக்கு அப்போது முப்பத்தைந்து வயது. மச்சான் கொழும்பில் ஒரு கடையில் இருந்தார். மாதத்தில் ஒரு ஞாயிறு வருவார். பிள்ளை இல்லை. அவள் எடுத்து வளர்த்த ஒரே விஷயம் நான்தான். அதுவும் பாதியில் நின்றது.

பல்லேகலைக் கைத்தொழில் வலயத்தில் மாத்திரைகளைப் போத்தலில் அடைத்து லேபல் ஒட்டும் ஒரு சின்னத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தேன். இரவு ஷிஃப்டை நானே கேட்டு வாங்கினேன். பகலில் பஸ்ஸில் கூடப் படித்த பட்ச் பையன்களைப் பார்க்க வேண்டியதில்லை.

அங்கே அதிகம் போகும் சரக்கு ஒன்று உண்டு. வைட்டமின் சியும் துத்தநாகமும் சேர்ந்த மாத்திரை. கொரோனாக் காலத்தில் ஆரம்பித்தது, பிறகும் நிற்கவில்லை. லேபல் கோணலாக விழுந்த போத்தல்களைக் கடைக்கு அனுப்ப முடியாது. அவற்றை ஒரு நீலக் கூடையில் போடுவோம். மாதக் கடைசியில் அழித்துவிட வேண்டும் என்பது விதி. சுப்பர்வைசர் கூடையை எண்ணமாட்டார். நாங்கள் ஆளுக்கு இரண்டு மூன்றாகப் பையில் போட்டுக்கொள்வோம்.

லயத்தில் நான் டொக்டர் ஆனது இந்தக் கூடையால்தான். முழங்கால் வலி, முடி கொட்டுகிறது, பிள்ளைக்குச் சளி என்று வருவார்கள். நான் இரண்டு கேள்வி கேட்பேன், பிறகு ஒரு போத்தலைக் கொடுப்பேன். "முழுசா படிச்சவன்னா காசு கேப்பான். இவன் சும்மாவே குடுக்குறான்" என்று வீரையா மாமா ஊருக்கெல்லாம் சொன்னார். எனக்கு அது பிடித்திருந்தது.

அக்காவுக்கு நான் கொடுத்ததில் யோசனை இருந்தது. அதுதான் இன்னும் மோசம்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் அவளுக்கு இரத்தம் குறைவு என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். அப்போது ஹீமோகுளோபின் ஒன்பது இருந்தது. மாத்திரையை மடியில் முடிந்துகொண்டு போய், மலையில் பத்து மணித் தேத்தண்ணியோடு விழுங்கினாள். கொழுந்து எடுக்கும் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்; அங்கே குடிக்க வேறு என்ன இருக்கிறது? ஆனால் தேத்தண்ணி இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும், உடம்புக்குள் போகவிடாது. வைட்டமின் சி அதற்கு எதிர். இரும்பை உள்ளே எடுக்க உதவும். இவ்வளவும் எனக்குத் தெரியும். இவ்வளவும் சரி.

ஆகவே தேத்தண்ணியோடு போடுவதை நிறுத்தச் சொன்னேன். காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகும் முன், வெறும் தண்ணீரோடு, இரும்பு மாத்திரையும் என் மாத்திரை ஒன்றும். மூன்று மாதத்தில் இரத்தம் பதினொன்றுக்கு வந்தது. டிஸ்பென்சரிக்காரரே ஆச்சரியப்பட்டாராம். அக்கா அளவு எழுதிய துண்டுச் சீட்டைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினாள். "தம்பி படிச்சது வீண் போகல" என்று அழகம்மாவிடம் சொன்னாள். அழகம்மா அவளோடு ஒரே நிரையில் கொழுந்து எடுப்பவள். சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருந்த எனக்குக் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் சொன்னாளோ என்னவோ.

அந்த வாரமே ஒன்றை மூன்றாக்கினேன்.

லேபலில் ஒரு வரி இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒன்று. அதற்கு மேல் வேண்டாம். மூன்று மொழியிலும் இருக்கிறது. ஒரு ஷிஃப்டில் அந்த வரியை நாலாயிரம் தடவை பார்க்கிறவன் நான். கொம்பனிக்காரன் தன் பாதுகாப்புக்காகப் போடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

ஒரு வருடம் நன்றாகத்தான் போனது. பிறகு அவளுக்குத் திரும்பவும் களைப்பு. பத்துக்கு இறங்கியது, பிறகு ஒன்பதுக்கு. விடாமல் போடு என்றேன். அவள் ஒரு நாள்கூடத் தவறவிடவில்லை. எடுக்கும் கொழுந்தின் கிலோ குறையத் தொடங்கி, பாதிச் சம்பளமே கிடைக்கும் அரைப்பேர் நாட்கள் வந்தன. ஒருநாள் வேலை முடிந்து வந்தவளின் சப்பாத்துக்குள் மூன்று அட்டை இருந்தன. காலெல்லாம் இரத்தம். அட்டை ஏறினால் மலையில் எல்லோரும் நெளிவார்கள், தட்டிவிடுவார்கள். அவளுக்குத் தெரியவே இல்லை. இன்னொரு நாள் ஒற்றைச் செருப்போடு கடையிலிருந்து வந்தாள். மற்றது எங்கே என்று நான் கேட்டபிறகுதான் குனிந்து காலைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகுதான் பீலியடியில் விழுந்தது.

கண்டிப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். எங்களைப் பார்த்தவர் டொக்டர் ஆஸிகா, அக்குறணைப் பக்கத்தவர், தமிழிலேயே பேசினார். அக்காவை நிற்கச் சொல்லி, கால் இரண்டையும் சேர்த்துவைத்துக் கண்ணை மூடச் சொன்னார். அக்கா சாய்ந்தாள். டொக்டர் பிடித்துக்கொண்டார். கால் பெருவிரலை மேலும் கீழும் அசைத்து, எந்தப் பக்கம் என்று கேட்டார். அக்கா ஊகித்து ஊகித்துச் சொன்னாள். பாதியும் பிழை. பரீட்சையில் மாட்டிக்கொண்ட பிள்ளைபோலச் சிரித்தாள்.

"வேற மருந்து ஏதும் பாவிக்கிறீங்களா? ஆயுர்வேதம், கை மருந்து, வெளிநாட்டுல இருந்து வந்த போத்தல், அப்பிடி ஏதும் ஈக்கா?"

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்துச் சொன்னாள்: "இல்லீங்க மிஸ். தோட்டத்துல குடுக்குற மாத்திரை மட்டுந்தான்."

நான் பக்கத்துக் கதிரையில் இருந்தேன்.

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று தெரியும். கூடையில் இருந்து எடுத்த போத்தல் என்று வெளியே வந்தால் என் வேலை போய்விடும் என்று பயந்தாள். நான் ஏன் சும்மா இருந்தேன் என்பதற்கு அது போதாது. படித்த ஒரு பெண் முன்னால், ஒரு நாளைக்கு மூன்று கொடுத்தேன் என்று சொல்லி, எதற்கு என்று அவர் கேட்டு, நான் விளக்கி, அதை அவர் கேட்டுக்கொண்டிருப்பதை என்னால் நினைத்துப்பார்க்க முடியவில்லை.

அன்று பின்னேரம் வேலைக்குப் போகும் பஸ்ஸில் போனில் தேடினேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. துத்தநாகம் அளவுக்கு மிஞ்சி வந்தால் குடல் சுவர் அதைப் பிடித்துவைக்க ஒரு புரதத்தைச் செய்யும். அந்தப் புரதத்துக்குச் செம்பின் மேல் பிடிப்பு இன்னும் அதிகம். சாப்பாட்டில் வரும் கொஞ்சநஞ்சச் செம்பையும் பற்றிக்கொண்டு, குடல் செல்கள் உதிரும்போது அவற்றோடு வெளியே போய்விடும். செம்பு இல்லாத உடம்பு, இருக்கும் இரும்பை இரத்தமாக்கத் தெரியாமல் நிற்கும். முதுகுத்தண்டின் பின்பக்க நரம்புகளும் கெடும். கால் எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் அறிய வேண்டிவரும். இருட்டில் விழுவார்கள், முகம் கழுவும்போது விழுவார்கள் என்று எழுதியிருந்தது. முகம் கழுவும்போது என்றே எழுதியிருந்தது.

முதல் மூன்று மாதம் இரத்தத்தை ஏற்றியதும் நான்தான். பிறகு அதைக் குறைத்ததும் நான்தான். குறையக் குறைய விடாமல் போடு என்று சொன்னதும் நான்தான்.

அடுத்த நாள் காலை வீட்டுக்கு வந்ததும், "அந்த மாத்திரைய கொஞ்ச நாளைக்கி நிப்பாட்டிருவோம்" என்றேன்.

"ஏன்?"

"சும்மாதான். ஆஸ்பத்திரி மருந்து போகுதுல்ல."

சரி என்றாள். நான் போய்ப் படுத்துக்கொண்டேன். நிறுத்தியாயிற்று, இனி தானாகச் சரியாகும், யாருக்கும் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை என்று கணக்குப் போட்டேன். நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லவேண்டும்.

சரியாகவில்லை. வைட்டமின் பி பன்னிரண்டு குறைவாக இருக்கலாம் என்று ஊசி போட்டார்கள். பரிசோதனையில் அது போதுமான அளவு இருந்தது. மாதம் ஒன்று போனது. இரத்தம் ஏழுக்கு வந்தது, வெள்ளை அணுக்களும் குறைந்தன. வார்டில் சேர்த்தார்கள். நிறுத்தியும் ஏன் குறைகிறது என்று எனக்குப் புரியவில்லை. ஒருவேளை நான் வாசித்தது இவளுக்கு இல்லை, வேறு ஏதோ நோய் என்று நினைத்தேன். அப்படி நினைத்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அக்காவுக்கு வேறு ஏதோ பெரிய நோய் இருக்கலாம் என்பதில் எனக்கு ஆறுதல்.

எலும்பு மச்சை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். இடுப்பெலும்பில் தடித்த ஊசியை இறக்கி உறிஞ்சி எடுப்பது. மரத்துப்போக மருந்து போடுவார்கள், ஆனால் உறிஞ்சும்போது மருந்து கேட்காது. திரைக்கு வெளியே நின்றேன். அக்கா சத்தம் போடுகிறவள் இல்லை. அன்று ஒரு சத்தம் வந்தது. அதை எழுதத் தெரியவில்லை. நான் நடைபாதையின் கடைசிவரை போய், அங்கே ஒட்டியிருந்த டெங்கு நோட்டீஸை முழுதாக வாசித்தேன்.

மச்சையில் ஏதோ கோளாறு தெரிகிறது, புற்றுநோய்ப் பக்கமாகவும் இருக்கலாம், இன்னும் பார்க்க வேண்டும் என்று சொல்லப்பட்டது. அக்கா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். அழகம்மா பார்க்க வந்தபோது, கொழுந்து எடுக்கையில் இடுப்பில் கட்டும் தன் புதுப் படங்கை எடுத்துக்கொள்ளும்படி அக்கா சொன்னாள். ஆணியில் மாட்டியிருக்கிறது, ஒரு வாரம்கூடக் கட்டவில்லை, நனைந்தால் காயப்போட்டு வை என்றாள். அழகம்மா அழுதாள். அக்கா, "படங்குக்கா அழுவுற? நான் போறப்ப இன்னும் ரெண்டு சேலை சேத்துத் தாறேன்" என்றாள்.

அடுத்த நாள் பகல், நோயாளரைப் பார்க்க விடும் நேரத்தில் போனேன். கட்டிலின் மறுபக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நான் வந்தது தெரியாது. தலையணைக்குக் கீழிருந்து துணிப்பையை எடுத்தாள். அதிலிருந்து போத்தலை எடுத்தாள். கோணல் லேபல். மூன்று மாத்திரையை உள்ளங்கையில் தட்டி, போர்வையால் மறைத்துக்கொண்டு விழுங்கினாள்.

பிறகு என்னைக் கண்டாள். முகம் மாறவில்லை, கொஞ்சம் வெட்கம் மட்டும்.

"நீ நிப்பாட்டச் சொன்ன. நான்தான் விடல" என்றாள். "அப்ப ரத்தம் ஏறுனது இதுலதானே. தம்பி, நாலா கூட்டிக்கவா?"

ஏன் நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லியிருந்தால் அன்றே தூக்கி எறிந்திருப்பாள். சொல்லவில்லை. அதனால் ஒரு மாதமும் பத்து நாளும் கூடுதலாகப் போட்டிருக்கிறாள். வார்டில் இருந்தபடியே, ஊசி குத்திய அன்றும்.

போத்தலை அவள் கையிலிருந்து வாங்கினேன். டொக்டர் ஆஸிகா மேசையில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். அவர் முன்னால் வைத்தேன்.

"இத குடிக்கிறாங்க. ஒரு நாளைக்கி மூணு. நான்தான் குடுத்தேன்."

அவர் போத்தலைத் திருப்பி எழுத்துகளை வாசித்தார். ஒன்றில் துத்தநாகம் ஐம்பது மில்லிகிராம். மூன்றுக்கு நூற்றைம்பது.

"எத்தன மாசம்?"

"மூணு போடத் தொடங்கி இருபத்திரெண்டு."

பேனையை மூடி வைத்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கு ஏதோ முடிந்த மாதிரி இருந்திருக்கும். அவர், "முதல் நாள் நீங்களும் அந்தக் கதிரையிலதானே இருந்தீங்க" என்றார். ஆமா என்றேன். "சரி" என்று சொல்லிவிட்டு, செம்பு அளவு பார்க்க இரத்தம் கொழும்புக்கு அனுப்ப வேண்டும் என்று எழுதத் தொடங்கினார். எழுதிக்கொண்டே மற்றதைச் சொன்னார். துத்தநாகம் நின்று செம்பு போனால் இரத்தம் ஒன்றரை இரண்டு மாதத்தில் வந்துவிடும். கால் அப்படியில்லை. இதற்கு மேல் மோசமாகாமல் நிற்கும். போனதில் எவ்வளவு திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. சீக்கிரம் பிடித்தால் கூடத் திரும்பும்.

"ஒரு மாதம் முந்தியே தெரிஞ்சிருந்தா?" என்று கேட்டேன்.

"அது எனக்குத் தெரியா" என்றார். பிறகு, "அவங்களுக்கு நீங்களே சொல்லுங்க. நான் வந்து சொல்ல மாட்டேன்" என்றார்.

கட்டில் பக்கத்து வாங்கில் உட்கார்ந்து சொன்னேன். குடலையும் புரதத்தையும் பற்றிச் சொன்னேன். அவள் பாதியில் நிறுத்தி, "சுருக்கமா சொல்லு" என்றாள். சுருக்கமாகச் சொன்னேன்.

"அப்ப புத்துநோய் இல்லையா?"

"இல்ல."

"செம்புதான் இல்லையாக்கும். வீட்டுல ரெண்டு செம்பு கெடக்கு, அதுல தண்ணி குடிச்சிருக்கலாம்." பக்கத்துக் கட்டில்காரி சிரித்தாள். அக்காவும் சிரித்து, பிறகு நிறுத்திக்கொண்டு, விரலால் போர்வை விளிம்பை மடித்தாள்.

"உனக்கு எப்ப தெரியும்?"

பொய் சொல்ல இடமிருந்தது. இப்போதுதான் தெரிந்தது என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள்.

"முத நாளே. பஸ்ஸுல போறப்ப பாத்தேன்."

நேரம் முடிந்ததற்கு மணி அடித்தார்கள். அவள் கேட்டுக்கொண்டிருந்தது மணியையா என்னையா என்று தெரியவில்லை.

"மாத்திரை குடுத்தத நான் பேசமாட்டேன் தம்பி. நல்லதுன்னு குடுத்த. நானும் குடிச்சேன்" என்றாள். "எலும்புல குத்துறப்ப நீ திரைக்கு அந்தப் பக்கந்தானே நின்ன?"

"ஆமா."

"அப்பவும் தெரியும்."

கேள்வியாகக் கேட்கவில்லை. நான் எழுந்து வந்துவிட்டேன்.

மூன்று வாரத்தில் கொழும்பிலிருந்து பதில் வந்தது. செம்பு கிட்டத்தட்ட இல்லை. அதற்கு முன்பே செம்பு மாத்திரை தொடங்கியிருந்தார்கள். இரத்தம் டொக்டர் சொன்னபடியே ஏறியது, இப்போது பன்னிரண்டு. அவள் வாழ்க்கையில் அவ்வளவு இருந்ததில்லையாம்.

அவள் வார்டில் இருந்தபோதே லயத்தில் வீடு வீடாகப் போய்க் கொடுத்த போத்தல்களைத் திருப்பிக் கேட்டேன். பதினோரு வீடு. ஒன்றுதான் போடச் சொல்லியிருந்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். நாலு வீட்டில் இரண்டு போட்டார்கள். டொக்டர் தன் அக்காவுக்கு மட்டும் மூன்று கொடுக்கிறார், நமக்குத்தான் குறைத்துச் சொல்கிறார் என்று நினைத்தார்களாம். யாருக்கும் எதுவும் ஆகவில்லை, தெரிந்தவரை. வீரையா மாமா தன் போத்தலில் மிளகாய் விதை போட்டு வைத்திருந்தார். மாத்திரையை அவர் ஒருநாளும் தொடவில்லை.

"மூட்டுக்கு நல்லதுன்னு குடுத்தேனே மாமா."

"குடுத்த. லேபலு கோணலா இருந்துச்சி. நான் கோணலா ஒட்டுனத குடிக்கிறதில்ல." சிரிக்காமல் சொன்னார். அதன் பிறகு என்னை யாரும் டொக்டர் என்று கூப்பிடவில்லை. இளங்கோ என்றும் அதிகம் கூப்பிடுவதில்லை.

தொழிற்சாலையில் சுப்பர்வைசரிடம் சொன்னேன். கூடைக்கு இப்போது பூட்டு இருக்கிறது. என்னை நிறுத்தவில்லை. நிறுத்துவார்கள் என்று பயந்துதான் அக்கா அன்று பொய் சொன்னாள். அவர் ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு, லைனுக்குப் போ என்றார். இன்னும் லேபல்தான் ஒட்டுகிறேன்.

அக்கா நடக்கிறாள், தரையைப் பார்த்துக்கொண்டே. சமதரையில் பரவாயில்லை. மலையில் சரிவான நிரைகளுக்கு இனி ஏற முடியாது. தோட்டத்தில் நாற்றுமேடையில் பை நிரப்பும் வேலை கொடுத்திருக்கிறார்கள். உட்கார்ந்து செய்யலாம். படங்கு அழகம்மாவிடமே இருக்கிறது. அவள் திருப்பிக் கொண்டுவந்தபோது அக்கா வாங்கவில்லை. என்னோடு பேசுகிறாள். சோறு போடுகிறாள். மாத்திரை போடும் நேரத்தில் மட்டும், டொக்டர் எழுதிய துண்டை எடுத்துத் தானே ஒருமுறை வாசிக்கிறாள். அவளுக்கு வாசிப்பு மெதுவாகத்தான் வரும். நான் பக்கத்தில் இருந்தாலும் என்னிடம் தருவதில்லை.

காலையில் நான் வேலை முடிந்து வரும் நேரமும் அவள் பீலிக்குப் போகும் நேரமும் ஒன்று. முதல் சில நாள் பின்னால் போய்த் தோளைப் பிடித்துக்கொண்டேன். கையை எடுக்கச் சொன்னாள். இப்போது இரண்டடி தள்ளி நிற்கிறேன், விழுந்தால் பிடிக்கும் தூரத்தில். கண்ணை மூடினால் விழுந்துவிடுவாள், அது அவளுக்குத் தெரியும். என்மேல் சாய வேண்டாம் என்பதும் முடிவாகிவிட்டது. சீமெந்துக் கட்டின் விளிம்பைப் பார்த்தபடி, இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு, முகத்தில் சவர்க்காரம் பூசுகிறாள். நுரை கண்ணுக்குள் போகிறது. கண் சிவந்து நீர் வழிய வழிய, மூடாமல் கழுவி முடிக்கிறாள்.